காலைப் பிடித்த மந்தி

யானைத் தலைவர் வேழப்பன் வயிற்றில் புண் வந்து படுத்துவிட்டார். கரடி வைத்தியர் கசப்பான கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். வலியில் தூக்கமில்லாமல் தவித்தவரின் உள்ளங்காலைச் செம்பி என்ற மந்தி தினமும் அழுத்திவிட்டாள். உள்ளங்காலின் நடுப்பகுதி வயிற்றுக்கு உரியது என்பது மந்திகளின் நம்பிக்கை. அவள் அழுத்த அழுத்த, யானைக்கு உடம்பு தளர்ந்து கண் சொக்கியது.

“இனிமேல் கஷாயம் வேண்டாம். நீ மட்டும் போதும்” என்றார் யானை.

“கஷாயத்தை நிறுத்தினால் நானும் வரமாட்டேன். என் கை உங்களைத் தூங்க வைக்கும். புண்ணை ஆற்றுவது மருந்துதான்.”

“என் காலைப் பிடிக்கிறவளுக்கு இவ்வளவு வாயா?”

“அழுத்தத்தான் பிடிக்கிறேன், கெஞ்சுவதற்கு இல்லை.”

யானை கோபத்தோடு எழுந்து அவள் தலைக்கு மேலே காலைத் தூக்கினார். சுற்றி நின்ற யானைகள் பின்னால் நகர்ந்தன. செம்பி நகரவில்லை. அந்தப் பாதத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“மிதியுங்கள். நான் செத்தாலும் உங்கள் புண் அப்படியேதான் இருக்கும்.”

கால் அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெல்ல விலகித் தரையில் பதிந்தது. யானை முகத்தைச் சுளித்துக்கொண்டு, கஷாயச் சட்டிக்குள் தும்பிக்கையை விட்டார்.