உதட்டுச் சாயம்

"தேன்மெழுகு கலந்த லிப்ஸ்டிக் வேணாங்க. மிருகம், பூச்சி எதுவும் சேராத வீகன் பொருளா பார்த்துப் போடுங்க" என்றாள் மணப்பெண் சத்யப்ரியா.

ஆரணியில் அழகு நிலையம் நடத்தும் சூர்யகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புழுவைக் கொதிக்க வைத்து எடுத்த பட்டுப்புடவையை உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு, தேனீக்காகப் பரிதாபப்படுகிற மூஞ்சியைப் பார்! மண்டபத்து மணமகள் அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தங்கை வேறு, "எங்க அண்ணிக்கு ஈ, எறும்பு மேலகூட இரக்கம்" என்று இளித்தாள்.

"நம்மகிட்ட எல்லாமே வீகன்தாம்மா" என்று சொல்லிவிட்டு, வழக்கமாகப் போடும் தேன்மெழுகு லிப்ஸ்டிக்கையே சூர்யகலா நிதானமாகப் பூசினாள். இந்தப் பீற்றலுக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் தங்கை பூ எடுத்துவரப் போனதும், பெண்ணின் அம்மா உண்ணாமலை கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தாள்.

"எல்லாரும் கிண்டல் பண்ணிகினு இருக்காங்க. நீங்களாவது மதிச்சு செஞ்சீங்க. வீகனும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. தேன்மெழுகு பட்டா இவளுக்கு உதடு வீங்கிப் புண்ணாயிடும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா, பொண்ணுக்கு வியாதின்னு கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க. அதான் இப்படிச் சொல்லி வச்சிருக்கோம்."

சூர்யகலா பஞ்சை எடுத்து அவசரமாகத் துடைத்தாள். துடைத்த இடம் அவள் கண்ணெதிரிலேயே தடித்தது.

"அக்கா, உதடு எரியுது" என்றாள் சத்யப்ரியா.

கதவு தட்டப்பட்டது.

"அண்ணி, ஜல்தி வாங்க. போட்டோ எடுக்க எல்லாரும் காத்துகினு இருக்காங்க."