கூரை மட்டும் அழுதது

கணவன் ஏரியில் மூழ்கிய ஏழாவது வாரம், இன்ஷூரன்ஸ்காரர் டோலெஃப்சன் கதவைத் தட்டியபோது, வெர்லா கம்பளிக் கோட்டும் கையுறையுமாக வீட்டுக்குள்ளேயே நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார். கணப்புக்கு எண்ணெய் வாங்க வழியில்லை. அவரோடயே வீட்டுச் சூடும் போச்சு."

வாயிலிருந்து ஆவி வந்தது. கண்ணிலிருந்து எதுவும் வரவில்லை.

மீன் பிடிக்கப் போன ஆரின், உறைந்த ஏரியின் பனி உடைந்து உள்ளே போய்விட்டான் என்பது வெர்லா சொன்ன கதை. பனியில் ஓட்டை இருந்தது. பக்கத்தில் அவன் தொப்பி இருந்தது. அவன்தான் இல்லை. அவளே கொன்றிருப்பாளோ என்ற சந்தேகத்தில் போலீஸ் வந்து நிலவறையைத் தோண்டாத குறையாகத் தேடி, இறைச்சிப் பெட்டியையும் கிளறியது. மான்கறிதான் கிடைத்தது.

டோலெஃப்சன் கையெழுத்துப் போட்டால் இரண்டு லட்சம் டாலர். போடாவிட்டால், ஏரி உருகி உடல் மிதக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

எந்த உடலும் மிதக்காது என்பது வெர்லாவுக்குத் தெரியும்.

அவர் பேனாவைத் திறந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு கிளாடிஸ் அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் தட்டோடு நுழைந்தாள்.

"ஏண்டி, நேத்து கொடுத்த தட்டு அதுக்குள்ள காலியா? துக்கத்துல நல்லாத்தான் பசிக்குது உனக்கு!"

"கிளாடிஸ், சார் இருக்கார்..."

"இருக்கட்டுமே. உன் கூரை ஓரத்துல ஒரு முழத்துக்குப் பனி அணை கட்டி நிக்குது. அது கரையப் பழைய காலுறைல உப்பை அடைச்சு மேல போடுன்னு எத்தனை தடவை சொல்றது? தண்ணி தேங்கி உன் தலையிலதான் ஒழுகும்!"

"புருஷனே போயிட்டான். கூரையா முக்கியம்?"

கிளாடிஸ் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். டோலெஃப்சன் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார்.

"அந்தம்மா சொல்றது சரிதான் மேடம். ஆனா உப்பு மட்டும் போட்டா போதாது, காரணத்தைப் பார்க்கணும். இந்தக் குளிர்ல கூரைப் பனி தானா உருகாது. அடியில சூடு இருந்தாத்தான் உருகி, ஓரத்துக்கு வந்து திரும்ப உறையும். தெருவுல எல்லா வீட்டுக் கூரையும் வெள்ளை வெளேர்னு இருக்கு. உங்களது மட்டும் பாதி மொட்டை, வரும்போதே பார்த்தேன்."

"பழைய வீடு சார்," பெருமூச்சு விட்டாள் வெர்லா. "கீழ இருக்கற சூடெல்லாம் மேல கசிஞ்சிடுது."

"கீழ எந்தச் சூடு மேடம்?"

வெர்லாவின் நடுக்கம் சட்டென்று நின்றது. ஏழு வாரத்தில் முதல் முறையாக அவளுக்கு வியர்த்தது.

டோலெஃப்சன் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, கூரைக்கு அடியில் இருந்த பரணைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஆரின் சார், ஹீட்டரை அணைச்சிட்டு இறங்கி வாங்க. ஹாட்டிஷ் ஆறிடப் போகுது!"