இடது பக்கத்து ஷாக் அப்சார்பர்

"அஞ்சு வருஷம் உழைக்கிற ஷாக் அப்சார்பர், உங்களுக்கு மட்டும் அஞ்சு மாசத்துல உடையுதே சார். அதுவும் ரெண்டாவது தடவை," என்றார் மெக்கானிக்.

"ரோடு அப்படிங்க."

மெக்கானிக்குக்கு மனசு ஆறவில்லை. புதியதை மாட்டியதும், "ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துடுவோம்," என்று தானும் ஏறிக்கொண்டார். கார்க்காரர் தன்னோடு வந்திருந்த அப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அகலமான தெருவில் ஒரே ஒரு பள்ளம். தேடிப் போய் அதில் இடது சக்கரத்தை இறக்கினார்.

"கண்ணு பிடரியிலயா இருக்கு? பார்த்து ஓட்டுடா," என்று அதட்டினார் அப்பா.

கார்க்காரரின் முகம் மலர்ந்தது.

"முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். பக்கவாதம் வந்ததுலேருந்து பேச்சே இல்லைங்க. இந்தப் பள்ளத்துல இறக்கினா மட்டும்தான் வாயைத் திறக்கறார்."

மெக்கானிக் திரும்பிப் பின்சீட்டில் இருந்த பெரியவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அடுத்த ஷாக் அப்சார்பருக்கு இப்பவே சொல்லி வெச்சிடறேன் சார்."