சிறுநீர்ப் பாட்டில்

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் தனேஷுக்கு வேலை ஏறக்குறைய உறுதி. போதைப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. காலைச் சிறுநீரை வீட்டிலேயே பிடித்துவரச் சொல்லி கிளினிக்கில் பாட்டில் கொடுத்திருந்தார்கள்.

கிளினிக்குக்குப் போனவன் மதியம் வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பாசிட்டிவ்வாம்மா. வேலை இல்லன்னுட்டாங்க."

அம்மா நளினி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தியமா நான் தொடலம்மா! அந்த மெஷின்தான் தப்பு லா. நீயாவது நம்பும்மா!"

"நம்புறேன்யா."

தனேஷ் நிமிர்ந்து பார்த்தான். மறுவாழ்வு மையத்திலிருந்து வந்த நாள் முதல் அம்மா சொல்லாத வார்த்தை அது. அவனுடைய சட்டைப் பையையும் தலையணை உறையையும் தினமும் துழாவுகிறவள் அவள்.

"நெசமாவாம்மா?"

"நெசமாத்தான்யா." அவள் கண்ணீரைத் துடைக்கவில்லை.

"மா, டியூஷனுக்குப் போறேன்!" பதினேழு வயது ஷாமினி புத்தகப் பையை மாட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். கூடவே வழக்கமான ஸ்ட்ராபெர்ரி வாசனையும் வந்தது. ஏதோ செண்டு என்றுதான் நளினி இதுவரை நினைத்திருந்தாள்.

சட்டென்று மகளின் பையைப் பறித்துத் தரையில் கொட்டினாள். புத்தகங்களுக்கு நடுவே ஒரு வேப், போதைத் திரவத்தைப் புகையாக இழுக்கும் மின்குழல், உருண்டோடியது.

"படிக்கிற புள்ளைய ஏம்மா?" என்று பதறினான் தனேஷ்.

"காலையில உன்னை நம்பலய்யா. இனிப்பு நீர் நோய் இருக்கான்னு பாக்கணும்னு பொய் சொல்லி இவகிட்ட வாங்கினேன். நீ குளிக்கப் போனப்ப உன்னோடத கொட்டிட்டு, இவளோடத ஊத்தி வெச்சேன்."