தரணியின் கடைசிப் பாடம்

புத்தூரில் தரணிக்கு வீட்டு டியூஷன் எடுக்கப் புதிதாக வந்திருந்தான் சாய்குமார்.

"பின்னத்துல கீழே ரூட் மூணு மைனஸ் ஒண்ணு இருந்தா?" என்று கேட்டான்.

"மேலயும் கீழயும் ரூட் மூணு ப்ளஸ் ஒண்ணால பெருக்கினா, கீழ ரூட் போய்டும் சார்," என்றாள் தரணி பளிச்சென்று.

கூடத்தில் இருந்த அவள் அம்மா பிரேமலதாவிடம் வந்தான். "நல்லா போடறாம்மா. நாளைக்கே கடைசிப் பாடத்த முடிச்சிடலாம்."

பிரேமலதா சட்டென்று எழுந்தாள்.

"வேணாம் சார். போன வருஷம் டியூஷனுக்குப் போறப்ப லாரி மோதி செத்துப் போச்சு பொண்ணு. பாடம் பாக்கி இருக்கறதால வந்துகினு இருக்குது. முடிச்சிட்டா போய்டும்."

சாய்குமார் தரணி இருந்த அறையைத் திரும்பிப் பார்த்தான்.

"சார், அடுத்த கணக்கு?" உள்ளிருந்து குரல் வந்தது.

ஓடிவிடத்தான் தோன்றியது. பிரேமலதா கைகூப்பி நின்றாள். அவன் மெல்ல உள்ளே போனான்.

"இதையே இன்னொரு தடவை போடும்மா."