முகம் சுளித்த சீட்டு

“யார் வீட்டுப் பாலை யார் குறை சொல்றது? என் மகளா?”

கில்வான் தொப்பியைக் கழற்றிப் பள்ளிக்கூடச் சமையலறை மேசையில் அடித்தார்.

கோபம் நியாயம்தான். பரைபா மாநிலத்தின் அந்த வறண்ட ஊரில் அவருக்கு இருப்பது பன்னிரண்டு வெள்ளாடுகள். பள்ளிக்கூடம் பாலை வாங்கினால், கூலி வேலை தேடி தொலைதூர சாவோ பாவுலோ நகரத்துக்கு பஸ் ஏற வேண்டாம்.

வாங்க வைப்பதற்கென்றே நகரசபை அதிகாரி ஒஸ்முந்தோ திட்டம் போட்டிருந்தார். உள்ளூர்ப் பாலுக்குக் கூடுதல் விலை. வாங்கும் பள்ளிக்கு ஊக்கத்தொகை. சமையற்காரிக்குப் புது ஏப்ரன். மேயருக்குப் போட்டோ. யாரையும் விட்டுவிடவில்லை.

ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. ஒரு வாரம் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, சீட்டில் முகம் குறிக்கச் சொல்ல வேண்டும். இருபது பேரில் பதினேழு பேர் சிரித்த முகத்தில் குறித்தால் பால் பாஸ்.

பதினாறு பேர் சிரித்தார்கள். மூன்று பேர் சும்மா இருந்தார்கள். ஒரு சீட்டு முகம் சுளித்தது.

பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தும், அதன் கீழே கொட்டை எழுத்தில் ‘ஜசீரா’ என்றிருந்தது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் பெயரெழுதப் பழக்கியவர் மார்லூசி டீச்சர்தான்.

“ஆட்டு வாடை. குழந்தைக்குப் பிடிக்கலை, பாவம்,” என்றார் ஒஸ்முந்தோ, தன் காபியில் டப்பாப் பால்மாவைக் கலக்கிக்கொண்டே. “எனக்கே ஆகாது.”

“இவளுக்கா? ஆட்டு மடியிலயே வாய் வச்சுக் குடிச்ச கழுதை சார் இது!”

“பெத்த அப்பனுக்கே குழி பறிக்குதே, இந்த வயசுல!” சமையற்காரி நெய்தி புது ஏப்ரனைப் பெருமூச்சோடு மடித்து வைத்தாள்.

டீச்சர் ஜசீரா பக்கம் குனிந்தார். “பால் நல்லா இல்லையாம்மா?”

“நல்லாருக்கு டீச்சர்.”

“பின்ன ஏன் இப்படிப் போட்டே?”

ஜசீரா அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“ஒரு வாரமா எல்லாப் பாலும் இங்க வந்துடுது. வீட்டுல தம்பி சோள மாவுல அவிச்ச குஸ்குஸை வெறும் தண்ணியில நனைச்சுத் திங்கிறான்.”

அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“அவனையும் இங்க சேர்த்துக்குவீங்களா டீச்சர்? ரெண்டு வயசு ஆயிடுச்சு. சேர்த்துக்கிட்டா, சிரிக்கிற மூஞ்சியே போட்டுடறேன்.”