சாத்தான் செடி

மால்டாவில் வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடி வளர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. சால்வுவின் மனைவி மெலித்தா ஒன்றுக்கே முகம் சுளித்தாள். முதுகுவலிக்காக அவன் அறைக்குள் வளர்த்த அந்த ஒற்றைச் செடியும் மஞ்சளாகி, நுனி கருகிக்கொண்டிருந்தது.

“விளக்கை மாத்தியாச்சு, உரத்தை மாத்தியாச்சு, குழாய்த் தண்ணிய விட்டு மழைத் தண்ணிதான் ஊத்துறேன்டா. இனி என்னை மாத்தினாத்தான் உண்டு!” என்று நண்பன் நர்டுவிடம் எரிந்து விழுந்தான் சால்வு.

இலையில் வெள்ளையாகப் பூத்திருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தான் நர்டு. “உப்பு! யாரோ உப்புத் தண்ணி தெளிச்சிருக்காங்க.”

சால்வு சமையலறைக்குப் பாய்ந்தான். “சாத்தான் செடி, சாத்தான் செடின்னு கரிச்சுக் கொட்டினியே, கடைசியில உப்பைத் தெளிச்சுக் கொன்னுட்டியே!”

“உப்பா? நான் எதுக்கு உப்பைத் தெளிக்கிறேன்?” மெலித்தாவுக்குக் கண் கலங்கியது. “அது வந்தப்புறம்தான் நீ ராத்திரி முனகாம தூங்குற. அது நல்லா இருக்கணும்னு தினமும் சர்ச் தீர்த்தம்தான் தெளிச்சேன். வாட வாட, இன்னும் கூடுதலா தெளிச்சேன்.”

பின்னாலேயே வந்த நர்டு தலையில் அடித்துக்கொண்டான். “நம்ம சாமியார் உப்புப் போட்டுத்தானே தீர்த்தம் மந்திரிப்பார்!”

சால்வு தீர்த்தப் பாட்டிலை எடுத்து மனைவி கையில் திணித்தான்.

“போ, அவர்கிட்டயே உப்பில்லாம மந்திரிச்சு வாங்கிட்டு வா!”